முதல் இடத்தில் கோழி

நாய்க்கு எந்த உலர் உணவு சத்தானது என்று தேடினால் திரும்பத் திரும்ப வரும் அறிவுரை இதுதான்: பாக்கெட்டின் பின்னால் உள்ள பட்டியலில் முதலில் கறி இருந்தால் வாங்குங்க, தானியம் இருந்தால் வேண்டாம். எனக்கு இது ரெண்டுமே தேறாத விதிகளாகத்தான் படுகிறது.

பட்டியல் எடை வரிசைப்படி எழுதப்படுவது. ஆனால் அது சமைப்பதற்கு முந்தைய எடை. பச்சைக் கோழியில் சுமார் 70 சதவீதம் தண்ணீர். 25 கிலோ கோழி போட்டால், காய்ந்தபின் மிஞ்சுவது ஏழரை கிலோ. இரண்டாவதாக உள்ள மக்காச்சோளம் 20 கிலோ என்றால் அதில் 17 கிலோ அப்படியே நிற்கும். இப்போ யார் முதலிடம்? ஏற்கெனவே காயவைத்து அரைத்த 'சிக்கன் மீல்' என்ற பேரைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. கிலோவுக்குக் கிலோ புரதம் அதில்தான் அதிகம். இன்னொரு வித்தை: பட்டாணி, பட்டாணி மாவு, பட்டாணிப் புரதம், பட்டாணி நார் என்று நாலாகப் பிரித்து எழுதுவது. கூட்டிப் பார்த்தால் கோழியைத் தாண்டிவிடும்.

தானியம் விஷயத்துக்கு வருவோம். நாய் ஓநாயின் வாரிசு, அதனால் கறிதான் தின்னணும் என்பது விளம்பர வசனம். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் மரபணு ஓநாயைவிட நாயிடம் பல பிரதிகளாகப் பெருகியிருப்பதை 2013-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. 2018-இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., நாய்களுக்கு இதயம் வீங்கிப் பலவீனமாகும் நோய் பற்றி விசாரணையை அறிவித்தது. புகாரில் வந்த உணவுகளில் 90 சதவீதத்துக்கு மேல் தானியமில்லாதவை என்று 2019 அறிக்கை சொன்னது. அந்த உணவுதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் தானியத்தை எடுத்ததால் நாய்க்கு என்ன லாபம் என்று கேட்டால் பதிலே இல்லை.

பூனைக் கதை இதைவிட மோசம். 1987-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியோன் குழு, அதே இதய நோய் வந்த பூனைகளுக்கு டாரின் குறைவு என்று கண்டுபிடித்தது. அவை தின்றது கடையில் விற்ற உணவுதான். அன்றைய தரக்கணக்குப்படி டாரின் போதுமான அளவு இருந்த உணவும்கூட. டாரின் சேர்த்துக் கொடுத்ததும் பல பூனைகள் தேறின. பட்டியலில் கறி எத்தனாவது இடம் என்பது அங்கே எதையும் காப்பாற்றவில்லை.

அதனால் நான் முதலில் தேடுவது பொடி எழுத்தில் இருக்கும் ஒரு வரி: ஆஃப்கோ அளவுகளின்படி முழுமையான சமச்சீர் உணவு, எந்த வயதுக்கு என்பது. வளர்ந்த நாய்க்கு, தண்ணீர் நீக்கிய கணக்கில், குறைந்தது 18 சதவீதம் புரதம். பூனைக்கு 26, குட்டிப்பூனைக்கு 30. பூனையின் உலர் உணவில் டாரின் குறைந்தது 0.1 சதவீதம் வேண்டும். நாய் உணவுக்கு அந்த நிபந்தனை கிடையாது, ஏன்னா நாய் பொதுவாக அதைத் தானே தயாரித்துக்கொள்ளும். வீட்டில் ரெண்டும் இருந்து, பூனை தினமும் நாயின் தட்டிலேயே சாப்பிடுகிறது என்றால் இன்றைக்கே தட்டை மாத்துங்க.