பொதுப்பணமும் கலாநிதிப் பட்டமும்

அம்பேத்கர் என்றதும் இந்திய அரசியலமைப்பை வரைந்த சட்ட நிபுணர், சாதிக்கொடுமையை எதிர்த்த தலைவர் என்னும் இரண்டு உருவங்களே நம்மவர் மனக்கண்முன் தோன்றுகின்றன. பொது நிதி பற்றி ஆராய்ந்து இரண்டு சர்வகலாசாலைகளிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர் அவர் என்பதையும் பலர் அறிவர். ஆயின் அப்பட்டங்களுக்காக அவர் எழுதிய நூல்களைப் படித்தவர் மிகச் சிலரே. பொது விவகாரங்கள் பற்றிய ஆராய்ச்சிகள் பலவற்றுக்கும் நேரும் கதி இதுதான். பட்டம் ஆசிரியரின் பெயருக்கு முன்னால் ஏறிக்கொள்கின்றது. நூல் நூலகத்தின் அடித்தட்டுக்கு இறங்கிவிடுகின்றது. ஆகவே அவ்விரு நூல்களும் எந்த வினாவிலிருந்து பிறந்தன, அவ்வினா அவரை எங்கே கொண்டுசென்றது என நோக்குவது, ஆராய்ச்சித் துறையிற் புகவிருக்கும் நம் மாணவர்க்குப் பயன்தரும் எனக் கருதுகின்றோம்.

ஆராய்ச்சிக்கு அறிவு மாத்திரம் போதாது. ஓய்வும் பணமும் வேண்டும். 1913இல் பரோடா மன்னர் அளித்த உதவிப்பணத்துடன் அம்பேத்கர் நியூயோர்க் நகரின் கொலம்பியா சர்வகலாசாலைக்குச் சென்றார். 1916இல் அங்கிருந்து இலண்டன் பொருளியற் கல்லூரியை அடைந்தார். 1917இல் உதவிப்பணத்தின் காலம் முடிந்தமையால் ஆய்வை இடையில் விட்டு நாடு திரும்ப வேண்டியதாயிற்று. பரோடாவில் அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. ஆனால் தீண்டப்படாதவர் என ஒதுக்கப்பட்ட குலத்திற் பிறந்தமையால் அந்நகரில் தங்குவதற்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பின்னர் பம்பாயில் சிடனம் கல்லூரியிற் பேராசிரியராக இருந்து சிறுகச் சிறுகச் சேமித்த பணமும், கோலாப்பூர் மன்னரின் உதவியும், நண்பர் ஒருவரிடம் பெற்ற கடனுமாக 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். 1923இல் அங்கு விஞ்ஞான கலாநிதிப் பட்டமும் 1927இல் கொலம்பியாவின் கலாநிதிப் பட்டமும் கிடைத்தன. செல்வர் வீட்டுப் பிள்ளை சில ஆண்டுகளில் முடித்திருக்கக்கூடிய படிப்பு இவருக்குப் பதினான்கு ஆண்டுகளை விழுங்கியது.

கொலம்பியாப் பட்டத்துக்குரிய ஆய்வு, பிரித்தானிய இந்தியாவில் மாகாண நிதியின் வளர்ச்சி பற்றியது. 1925இல் நூலாக வெளிவந்தது. 1833ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் இந்தியாவின் வருவாய் முழுவதையும் மத்திய அரசாங்கத்தின் கையில் ஒப்படைத்தது. மாகாணங்கள் செலவு செய்தன; ஆனால் பணத்தைத் தேடும் பொறுப்பு அவற்றுக்கு இருக்கவில்லை. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கியதால் ஏறிய கடன் மத்திய அரசாங்கத்தை நெருக்கியபோது, 1871இல் மேயோ பிரபுவின் ஆட்சியிற் சில துறைகள் குறித்த தொகை மானியத்துடன் மாகாணங்களிடம் விடப்பட்டன. 1877இற் சில வருவாய்கள் ஒதுக்கப்பட்டன. 1882 முதல் வருவாய்கள் பங்கிடப்பட்டன. ஆங்கிலேயர் இந்தியருக்குப் படிப்படியாக அளித்த சுயாட்சி எனப் போற்றப்பட்ட இவ்வரலாற்றை அம்பேத்கர் கணக்கேடுகளைக் கொண்டே சோதிக்கின்றார். மத்திய அரசாங்கம் தன் சுமையை இறக்கிவைக்கக் கண்ட வழியே இது என்பதும், வரி விதிக்கும் உரிமை மாகாணங்களுக்குச் சட்டப்படி இருக்கவில்லை என்பதும் அவர் கண்ட முடிவுகள்.

நூலின் இறுதிப் பகுதியில் அவர் கணக்கேட்டிலிருந்து தலைநிமிர்ந்து சமூகத்தை நோக்குகின்றார். மக்களுக்குப் பொறுப்புக் கூறாத ஆட்சி மக்களின் தேவைகளையும் வேதனைகளையும் உணர இயலாது என்பதே அவர் வாதம். அத்தகைய ஆட்சி சாதிமுறையில் கைவைக்க அஞ்சும். சொத்துரிமைச் சட்டத்தைத் திருத்த அஞ்சும். தேயிலைத் தோட்ட முதலாளிக்கு வரி விதிக்கவும் அஞ்சும் என அவர் ஒரே மூச்சிற் கூறிச்செல்கின்றார். சாதியையும் தோட்ட முதலாளியையும் ஒரே வாக்கியத்தில் நிறுத்தியமை தற்செயலன்று. பழைய நிலவுடைமைக் கொடுமையும் புதிய ஏகாதிபத்தியச் சுரண்டலும் ஓர் ஆட்சியின் நிழலில் ஒன்றாக வளர்ந்ததை அவர் கண்டுகொண்டார். மலைநாட்டின் கதையை அறிந்த நம் வாசகர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இலண்டனில் எழுதிய ஆய்வு ரூபாயின் பிரச்சினை பற்றியது, 1923இல் அச்சாயிற்று. உள்நாட்டில் வெள்ளி ரூபாயும் தாளும் புழங்க, வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு மட்டும் அதனைக் குறித்த விகிதத்திற் பிரித்தானியப் பவுணுடன் பிணைத்துவைக்கும் முறையை அன்றைய அரசாங்கம் கையாண்டது. கெய்ன்ஸ் 1913இல் எழுதிய நூலில் அதனை ஆதரித்திருந்தார். அம்பேத்கர் அம்முடிவை மறுக்கின்றார். ரூபாயை வெளியிடுவதற்கு எல்லை விதிக்காத முறை அது. எல்லையில்லாது வெளியிடப்பட்டால் ரூபாயின் வாங்கும் சக்தி குன்றும் என்பது அவர் கருத்து. ரூபாயின் மதிப்பு வீழ்ந்தபோது ஏற்றுமதி பெருகியதைத் தேசத்தின் இலாபம் எனச் சிலர் கொண்டாடினர். அவரோ, விலை ஏறிய வேகத்திற்குக் கூலி ஏறவில்லை, ஆகவே வணிகரின் இலாபம் கூலியாளின் இழப்பிலிருந்து வந்தது என்று காட்டுகின்றார். நூலுக்கு முன்னுரை வழங்கிய பேராசிரியர் எட்வின் கனன் தமக்கு உடன்பாடில்லாத கருத்துக்கள் அதில் உண்டெனக் குறிப்பிட்டே அதனை வரவேற்றார். ஆசிரியரின் கருத்தையே திருப்பிக் கூறுவது ஆராய்ச்சி என மயங்குவோர் இதனைச் சிந்திக்கவேண்டும்.

எனினும் இந்நூல்களைக் குறையற்றவை எனப் போற்றுதல் விமர்சனமாகாது. ரூபாயின் நோய்க்கு அவர் கூறிய மருந்து பொன் நாணயமும், எல்லை வகுக்கப்பட்ட ரூபாய் வெளியீடுமாகும். விலைவாசி வீழுங்காலத்திற் கடன்பட்ட விவசாயி அதே கடனை அடைக்க முன்னிலும் கூடுதலான நெல்லை விற்கவேண்டும் என்பதை அவர் போதிய அளவு கவனிக்கவில்லை. 1931இல் பிரித்தானியாவே பொன் நியமத்தைக் கைவிட்டது. அம்மருந்தை உலகம் ஏற்கவில்லை. இந்திய றிசேர்வ் வங்கியே இந்நூலிலிருந்து பிறந்ததெனச் சிலர் கூறுவதும் மிகையே. நாணயத்தை விருப்பப்படி நிருவகிக்கும் அதிகாரத்தை ஐயுற்ற நூல் இது. மேலும், இரு நூல்களிலும் அரசாங்கத்தின் கணக்கு விரிவாகப் பேசுகின்றது. வரி செலுத்திய உழவனின் குரல் அரிதாகவே கேட்கின்றது. ஆயினும் பொதுப்பணத்தை எவர் கொடுக்கின்றனர், எவர் ஆளுகின்றனர், எவர் பயனடைகின்றனர் என்னும் வினாவை அவர் ஓரிடத்தும் கைவிடவில்லை.

அவ்வினா நூலுடன் நின்றுவிடவில்லை என்பதே நாம் வற்புறுத்த விரும்புவது. பொதுப்பணத்தில் அமைக்கப்பட்டுப் பராமரிக்கப்படும் குளம், கிணறு, பாடசாலை, வைத்தியசாலை ஆகியவற்றை ஒடுக்கப்பட்ட மக்களும் பயன்படுத்தலாம் எனப் பம்பாய்ச் சட்டசபை 1923இல் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. மகாட் நகரசபையும் அதனை ஏற்றுத் தன் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. ஆனால் தீர்மானம் தாளில் இருந்தது. குளத்தில் இறங்க எவருக்கும் துணிவில்லை. 1927 மார்ச் 20ஆம் நாள் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களுடன் நடந்துசென்று அக்குளத்து நீரை அள்ளிப் பருகினார். திரும்பிய மக்கள் தாக்கப்பட்டனர். மேற்சாதியினர் குளத்துக்குத் தீட்டுக் கழித்தனர். குளம் நகரசபையின் சொத்தா, தனியார் சொத்தா என எழுந்த வழக்கு 1937இற் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் பக்கம் தீர்ந்தது. கொலம்பியா அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியதும் அதே 1927ஆம் ஆண்டிலேயே. பொதுப்பணம் எவருக்குரியது என்று நூலிற் கேட்டவர், அப்பணத்தாற் பேணப்படும் நீர் எவருக்குரியது என்று குளக்கரையிற் கேட்டார். யாழ்ப்பாணத்துக் கிணற்றடிகளில் வாளி மறுக்கப்பட்டவர்களின் வரலாற்றை அறிந்தோர்க்கு இவ்வினா அந்நியமானதன்று.

ரூபாயின் பிரச்சினையும் நமக்கு அந்நியமானதன்று. 1872இல் இந்திய ரூபாயே இலங்கையின் சட்டபூர்வ நாணயமாயிற்று. நம் ரூபாய் அதன் வழிவந்ததே. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலருக்கு 200 ரூபாயளவில் இருந்த நம் நாணயம், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாயளவுக்கு வீழ்ந்தது. ஏப்ரிலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்தியது. மாதச் சம்பளக்காரரும் நாட்கூலியாளரும் இழந்தது எவ்வளவு, டொலரில் வருமானம் பெற்றோர் அடைந்தது எவ்வளவு என்று அம்பேத்கர் வழியில் நின்று கணக்கிட்டுக் கூறும் ஆய்வுகள் தமிழில் பெருக வேண்டும். நம் பட்டதாரிகள் கலாநிதிப் பட்டத்தை நாடிச் செல்வதை நாம் குறைகூறவில்லை. செல்லவேண்டும் என்றே கூறுகின்றோம். ஆனால் ஆய்வுத் தலைப்பைத் தெரிவதற்கு முன், இந்த ஆய்வின் முடிவை அறிந்துகொள்ளும் தேவை நாட்டில் எவருக்கு இருக்கின்றது என்று ஒருமுறை தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். பரீட்சகர் மூவரைத் தவிர வேறெவருமில்லை என்பது விடையானால், அத்தலைப்பை மாற்றிக்கொள்ள அப்போதும் காலமுண்டு.