சொல் சரி, கேள்வி சரியா?

ஆசிரியர்களே, மாணவர்களே, மொழிபெயர்ப்புப் பயிற்சி என்றால் செய்தியோ விளம்பரமோதான் நம் கைக்கு வரும். இம்முறை ஒரு மருத்துவ வினாநிரலைப் பார்ப்போமா?

பதினாறு வயதுக்குள் தொடங்கி, ஆறு வாரமாவது நீடிக்கும், காரணம் தெரியாத மூட்டு வீக்கத்தை ‘இளம்பருவ மூட்டழற்சி’ என்பார்கள். அந்நோயுள்ள பிள்ளையால் அன்றாட வேலைகளை எவ்வளவு செய்ய முடிகிறது என்று அறிய, 1994இல் அமெரிக்காவில் ‘சி.எச்.ஏ.க்யூ.’ என்ற வினாநிரல் வெளிவந்தது. அதில் 30 செயல்கள், 8 பிரிவுகளில் உள்ளன. சிரமமே இல்லை என்றால் 0. செய்யவே முடியவில்லை என்றால் 3. 2001இல் இதன் 32 நாட்டுத் தழுவல்கள் ஒன்றாக வெளியிடப்பட்டன.

அதில் ஒரு செயல், தொட்டிக் குளியல். ‘குளியல் தொட்டியில் குளிக்க முடிகிறதா?’ என்று எழுதுகிறோம். இலக்கணம் சரி. இன்னொருவர் மூலத்தைப் பார்க்காமல் இதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனாலும் அதே சொல்தான் கிடைக்கும். சோதனையில் தேறிவிட்டது! ஆனால் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஓர் அம்மா, “எங்க வீட்ல ஏதுங்க தொட்டி?” என்று சொல்லிவிட்டு, ‘முடியவில்லை’ என்பதில் குறியிட்டால்?

சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு பிரிவில் எந்தச் செயலுக்கு அதிக மதிப்பெண்ணோ, அதுவே அப்பிரிவின் மதிப்பெண். எட்டுப் பிரிவுகளின் சராசரியே இறுதி எண். ஒரு பிரிவு 0இலிருந்து 3க்குத் தாவினால் இறுதி எண் 0.375 கூடும். பிள்ளை நன்றாக இருக்கிறான். தாளில் மட்டும் நோய் கூடிவிட்டது. மருந்தை மாற்றலாமா என்று யோசிக்கும் மருத்துவர் முன்னால் அந்த எண்தான் இருக்கும்.

“அப்ப வாளின்னு மாத்திட்டா போச்சு” என்பீர்கள். அங்கேதான் அடுத்த பிழை. தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்து எழ இடுப்பும் முழங்காலும் வேண்டும். வாளித் தண்ணீரை மொண்டு ஊற்றத் தோளும் மணிக்கட்டும் வேண்டும். கத்தியால் இறைச்சி வெட்டுவதும் சோறு பிசைவதும் அப்படித்தான். இரண்டும் சாப்பாடுதான், உழைக்கும் மூட்டு வேறு. ஊர்வழக்குக்கு மாற்றிவிட்டோம் என்பதாலேயே தழுவல் நல்லதாகிவிடாது.

வினைமுற்றிலும் கவனம் வேண்டும். “அவன் தலை சீவ மாட்டான்” என்று ஓர் அம்மா சொன்னால் அது வலியா, பிடிவாதமா? வினாநிரல் கேட்பது நோயால் வரும் சிரமத்தை மட்டும். அதனால் ‘சீவுவானா?’ என்று கேட்கக்கூடாது, ‘சீவ முடிகிறதா?’ என்றே கேட்க வேண்டும்.

மொழிபெயர்த்த பிறகு பெற்றோரிடம் படிக்கக் கொடுத்து, புரிகிறதா என்று கேட்பது அந்த 32 நாட்டுப் பணியின் நல்ல பாடம். நாம் அதோடு ஒன்று சேர்த்துக்கொள்வோம்: ‘புரிகிறதா?’ என்பதோடு, ‘உங்கள் வீட்டில் இது நடக்கிறதா?’ என்றும் கேட்போம். தொட்டிக் கேள்வி முதலாவதில் தேறும், இரண்டாவதில் மாட்டிக்கொள்ளும்.

வகுப்பில் செய்து பாருங்கள். ‘ஸ்வெட்டரைத் தலைவழியாகப் போடுதல்’ என்பதை நம் பிள்ளைகளுக்கு ஏற்ப எழுதுங்கள். பேனாவை எடுக்கும் முன், கையைத் தூக்கி அதை நடித்துப் பாருங்கள். எந்த மூட்டு அசைகிறதோ, அதே மூட்டு உங்கள் தமிழ் வாக்கியத்திலும் அசைய வேண்டும்.