பட்டங்களுக்கு அப்பால் ஹாரி ரைட்

பேஸ்பால் பயிற்சியாளர் ஹாரி ரைட்டைப் பற்றிப் பேசுவோர் அவர் வென்ற பட்டங்களை முதலில் அடுக்குவார்கள். பாஸ்டனுக்கு 1872 முதல் 1875 வரை தொடர்ந்து நான்கு, பிறகு நேஷனல் லீகில் 1877, 1878. ஆனால் அவரை எடைபோட அந்தத் தராசு போதாது.

ஷெஃபீல்டில் பிறந்து, நியூயார்க்கில் சம்பளத்துக்குக் கிரிக்கெட் ஆடியவர். எல்லா ஆட்டக்காரர்களுக்கும் வெளிப்படையாகச் சம்பளம் தந்த முதல் பேஸ்பால் அணியான சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸை 1869இல் நடத்தினார். சென்டர் ஃபீல்டர், கேப்டன், பயிற்சியாளர் எல்லாம் அவரே. தம்பி ஜார்ஜுக்கு 1,400 டாலர், தனக்கு 1,200. ஆட்டத்துக்கு முன் முறையான பயிற்சி, ஒருவர் பந்தைத் தவறவிட்டால் பின்னால் தடுக்க இன்னொருவர் என்று ஆட்டத்துக்கே ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தார். அந்த ஆண்டு அணி தோற்கவே இல்லை.

1870 ஜூன் 14, புரூக்ளின். அட்லாண்டிக்ஸ் அணியுடன் 9 இன்னிங்ஸ் முடிவில் 5-5. எதிரணி சமனுக்குத் தயார். ஒப்புக்கொண்டால் தோல்வியே இல்லாத பெயர் நிலைத்திருக்கும். தொடர்ந்து ஆடுவதே விதி என்று ஹாரி விடாப்பிடியாக நின்றார். 11ஆவது இன்னிங்ஸில் இரண்டு ரன் முந்தியும் 7-8 என்று தோற்றார். பெயரைவிட விதியைப் பெரிதாக மதித்த இந்தக் குணத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. சின்சினாட்டி அணியில் உள்ளூர்க்காரர் ஒருவர்தான். மற்றவர்கள் வெளியிலிருந்து சேர்க்கப்பட்டவர்கள். பாஸ்டனுக்குப் போனபோதும் சிறந்தவர்களைத் திரட்டிக்கொண்டார். 1875இல் 71 வெற்றி, 8 தோல்வி. முடிவு முன்கூட்டியே தெரிந்த பந்தயத்தைக் காசு கொடுத்துப் பார்க்க யார் வருவார்கள்? பாஸ்டன் அதுவரை ஆடிவந்த தொழில்முறை ஆட்டக்காரர்களின் சங்கம் அத்தோடு கலைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். மறு ஆண்டு பாஸ்டனின் பிட்சர் ஸ்பால்டிங் உள்ளிட்ட நால்வர் சிகாகோவுக்குப் போனதும் பாஸ்டன் நான்காம் இடத்துக்கு இறங்கியது. 1877இல் அது மீண்டதற்கும் புதிதாக வந்த பிட்சர் டாமி பாண்ட் பெரிய காரணம்.

பயிற்சியாளராக அவருடைய உண்மையான திறமை பிலடெல்பியாவில்தான் தெரிகிறது. 1883இல் 17 ஆட்டங்களை மட்டுமே வென்று கடைசியில் கிடந்த அணி அது. அப்போது ஆட்டக்காரர்களைத் தக்கவைக்கும் விதி வந்துவிட்டதால், முன்போல் நினைத்தவரை அள்ளிவர முடியாது. மறு ஆண்டு பொறுப்பேற்றவர், 1887இல் 75 வெற்றிகளோடு அதை இரண்டாம் இடத்துக்கு உயர்த்தினார். பத்துப் பருவங்களில் அங்கே ஒரு பட்டமும் கிடைக்கவில்லை. ஆனாலும் பாஸ்டனின் 71 வெற்றிகளைவிட இந்த 75ஐயே நான் மேலாக மதிக்கிறேன்.