எது இரைச்சல்?
கண்டென்சர் மைக்கைச் சொந்தமாகச் செய்வது வெறும் பொழுதுபோக்கல்ல. 1962இல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற கறுப்பின அறிவியலாளரும் கெர்ஹார்ட் செஸ்லரும் உருவாக்கிய எலெக்ட்ரெட் மைக், மின்னேற்றத்தைப் படலத்திலேயே தேக்கியது. உயர் மின்னழுத்தம் வேண்டாம். சின்ன பேட்டரி, ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் போதும். போடியில் உட்கார்ந்தே செய்யலாம்.

செய்த பிறகு நாம் பேசுவதெல்லாம் இரைச்சலைக் குறைப்பது பற்றித்தான். எது இரைச்சல்? விடிகாலையில் போடிமெட்டு ஏறுகிற ஜீப்பு, அதில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களின் பேச்சு. இதை வடிகட்டிவிட்டுத்தான் 'தூய' நாட்டார் பாட்டைப் பதிகிறோம். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர்முன் பாடிய பாவலர் வரதராஜன் பெயர் நிலைத்தது. கேட்டவங்க குரல் எங்கே?

மைக் செய்யக் கத்துக்கிட்டோம், சரி. அதை அந்தப் பெண்கள் கையில் கொடுக்கிறோமா, இல்லையா?