திருந்தியவனுக்கு யார் வேலை கொடுப்பது?

திருடனை வைத்துக் கதை எழுதுவது சுலபம். திருந்திய திருடனை வைத்து எழுதுவதுதான் கஷ்டம். திருடுகிறவனிடம் திட்டம் இருக்கிறது, ஆபத்து இருக்கிறது, அகப்பட்டுக்கொள்வானோ என்று வாசகனுக்கு ஒரு படபடப்பு இருக்கிறது. திருந்தியவனிடம் என்ன இருக்கிறது? நல்ல எண்ணம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இரண்டு அத்தியாயம் நகர்த்துவதற்குள் கதாசிரியனுக்கு மூச்சு முட்டிவிடும்.

2025-ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி பேட் கைஸ் 2’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் படம் இந்தக் கஷ்டமான காரியத்தில் இறங்கியிருக்கிறது. ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஆரன் பிளேபியின் குழந்தைப் புத்தகங்களைத் தழுவிய படம். டிரீம்வொர்க்ஸ் கம்பெனியார் தயாரிப்பு. டைரக்டர் பியர் பெரிஃபெல். ஓநாய், பாம்பு, சுறா, பிரானா மீன், சிலந்தி என்று ஐவர் கொண்ட ஒரு கொள்ளைக் கூட்டம் 2022-இல் வந்த முதல் படத்திலேயே மனம் திருந்தி, சிறைக்கும் போய் வந்துவிட்டது. அத்துடன் மங்களம் பாடியிருக்கலாம். சிறையிலிருந்து வெளியே வந்தவர்கள் பிறகு எப்படிப் பிழைத்தார்கள் என்று இரண்டாம் படம் கேட்கிறது. நல்ல கேள்வி.

கெய்ரோ நகரத்தில் பழைய நாளில் அவர்கள் நடத்திய ஒரு கார்த் திருட்டுடன் படம் ஆரம்பமாகிறது. அதில் என்ன வேகம், என்ன மிடுக்கு! அடுத்தாற்போல் இன்றைய நிலைமை. ஓநாயார் கழுத்தில் டை கட்டிக்கொண்டு உத்தியோகம் கேட்டுப் போகிறார். எங்கே? தாமே முன்பு கொள்ளையடித்த வங்கிக்கு! தியேட்டரில் குழந்தைகள் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கோ கொஞ்சம் சங்கடமாக இருக்கும். ஏனென்றால் அந்த வங்கி மானேஜர் பொல்லாத மனிதர் அல்ல. அந்த நாற்காலியில் நாம் இருந்தாலும் அதே மாதிரிதான் கையைப் பிசைந்திருப்போம்.

இதற்குள் ஊரில் புதுத் திருட்டுகள் நடக்கின்றன. பழி இவர்கள் தலையில் விழுகிறது. பனிச்சிறுத்தை, அண்டங்காக்கை, காட்டுப் பன்றி ஆகிய மூன்று பெண் திருடிகள் இவர்களை மறுபடியும் பழைய தொழிலுக்கு இழுக்கிறார்கள். எதைக் காட்டி மிரட்டுகிறார்கள் என்பதில்தான் கதையின் உயிர் இருக்கிறது. கவர்னர் பதவியில் இருக்கும் டயேன் என்ற நரியம்மாளும் ஒரு காலத்தில் பலே திருடி. அது ஊருக்குத் தெரியாது. ‘சொன்னபடி செய்யாவிட்டால் அவள் குட்டை உடைத்துவிடுவோம்’ என்கிறார்கள்.

ஐவரும் திருந்தினார்கள், டயேனும் திருந்தினாள். ஐவருக்குக் குமாஸ்தா வேலை கூடக் கிடைக்கவில்லை. அவளுக்கோ ராஜ்யபாரமே கிடைத்திருக்கிறது. திருந்திய அளவில் வித்தியாசம் ஒன்றுமில்லை. இவர்கள் பழைய கணக்கு ஊரறிந்தது, அவள் கணக்கு மூடிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

1862-இல் விக்டர் ஹ்யூகோ எழுதிய நாவலில் இதே நியாயத்தைப் பார்க்கலாம். 1950-இல் நாகையா நடித்து ‘ஏழை படும் பாடு’ என்று தமிழ்ப் படமாகவும் வந்த கதைதான். மஞ்சள் நிறக் கைதிச் சீட்டைக் காட்டியபோது ஜீன் வல்ஜீனுக்குச் சத்திரத்தில் படுக்க இடமில்லை. பெயரை மாற்றிக்கொண்டபோது நகரத்தின் மேயர் பதவியே வந்து சேர்ந்தது. ஆனால் அங்கே ஒரு பாதிரியார் இருந்தார். வெள்ளிப் பாத்திரங்களைத் திருடிக்கொண்டு ஓடியவனுக்கு விளக்குத் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்தார். அவன் திருந்துவதற்கு முன்பே அவனை நம்பினார். இந்தக் கார்ட்டூனில் ஓநாயை நம்புகிறவள் டயேன். அவளும் பழைய திருடி என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

பிற்பாதியில் படம் இந்த விஷயத்தைக் கைவிட்டுவிட்டு ராக்கெட்டில் ஏறி ஆகாயத்துக்குப் போய்விடுகிறது. உலகத்துத் தங்கத்தையெல்லாம் இழுக்கிற ஒரு காந்தம், குத்துச் சண்டை, துரத்தல்! கையால் கோடு இழுத்தது போன்ற அந்தச் சித்திரங்களின் துடிப்பைப் பாராட்டத்தான் வேண்டும், அலுப்புத் தட்டவில்லை. முடிவில் ஐவருக்கும் வேலை கிடைக்கிறது: இரகசிய உளவாளி உத்தியோகம். படம் இதைப் பெரிய வெகுமதியாக எண்ணிக் கொண்டாடுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய திருட்டுச் சாமர்த்தியத்தை உபயோகித்துக்கொள்ள எல்லோரும் தயார். பட்டப்பகலில் வங்கியில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைக்க ஒருவரும் தயாரில்லை. ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமலே படம் சுபமாக முடிந்துவிடுகிறது.

குழந்தைகள் படத்தில் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்று கேட்கலாம். இது குழந்தைகளுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். வகுப்பில் ஒருமுறை துஷ்டன் என்று பெயர் எடுத்தவனைப் பாருங்கள். பிறகு எந்த ஜன்னல் கண்ணாடி உடைந்தாலும் வாத்தியார் முதலில் திரும்பிப் பார்ப்பது அவனைத்தான். அந்தப் பார்வை எப்படிச் சுடும் என்பதை அவனைக் கேட்டால் சொல்வான். படத்தின் முதல் அரை மணி நேரத்துக்கு அது தெரிந்திருக்கிறது.

ஆகவே குழந்தைகளைத் தாராளமாக அழைத்துப் போகலாம். வீடு திரும்பும்போது ராக்கெட்டைப் பற்றி அவர்களே பேசிக்கொள்வார்கள். நீங்கள் ஒன்று மட்டும் கேளுங்கள்: ‘நீ அந்த மானேஜராக இருந்தால் ஓநாய்க்கு வேலை கொடுப்பாயா?’ குழந்தை யோசித்துப் பதில் சொல்லும். அதே கேள்வியை அது நம்மிடம் திருப்பிக் கேட்டால், நாமும் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.