எழுந்து நடக்கும் சேறும், இருந்த இடத்திலேயே கிடக்கும் சேறும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு சேர்ந்து ஒரு கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தேன். சதுப்பு நிலத்திலிருந்து பச்சையும் கறுப்புமாக ஒழுகிக்கொண்டு ஒரு உருவம் எழுந்து வருகிறது, ஊரே ஓடுகிறது. பாப்பா திரும்பிக் கேட்டாள்: "ப்பா, நம்ம ஊர்ல இந்த மாதிரி சேத்துப் பேய் கிடையாதா?"

இருக்கும்னு சொல்ல வாயெடுத்தேன். யோசித்துப் பார்த்தால் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. புளியமரத்துப் பேய், கிணற்றுப் பேய், முனி எல்லாம் உண்டு. சேறே எழுந்து நடந்து வரும் கதை ஒன்றும் நான் கேட்டதில்லை. இத்தனைக்கும் நாங்கள் வத்தலக்குண்டுக்காரர்கள். நெல் வயலும் கண்மாயும் தென்னந்தோப்புமாக, வருடத்தில் பாதி நாள் சகதியில் கால் வைக்கிற ஊர். அப்படி இருந்தும் ஏன் இல்லை? இந்தப் பதிவு அந்தக் கேள்வியில் தொடங்கியதுதான்.

முதலில் நடக்கும் சேற்றைப் பார்த்துவிடுவோம். ஆங்கில வெகுஜன எழுத்தில் இதற்கு ஒரு தெளிவான வம்சாவளி உண்டு. 1940 ஆகஸ்டில் 'அன்நோன்' என்ற இதழில் தியோடர் ஸ்டர்ஜன் 'இட்' என்று ஒரு கதை எழுதினார். காட்டில் கிடக்கும் ஒரு மனித எலும்புக்கூட்டைச் சுற்றி மக்கும் குப்பையும் சேறும் திரண்டு ஒரு உருவமாகி நடக்க ஆரம்பிக்கிறது. அதற்குக் கோபமோ பசியோ கிடையாது. வெறும் ஆர்வம்தான். எதையும் பிய்த்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள நினைக்கிறது. கடைசியில் ஓடும் தண்ணீரில் கரைந்து போகிறது. 1942ல் காமிக்ஸில் 'தி ஹீப்' வந்தது. முதல் உலகப்போரில் சதுப்பில் விழுந்த ஒரு ஜெர்மன் விமானி, செடியும் சேறுமாக எழுந்து வருகிறான். 1971ல் ஒரே வருடத்தில் இரண்டு: மார்வெலின் 'மேன்-திங்', டிசியின் 'ஸ்வாம்ப் திங்'. பின்னதை உருவாக்கியவர்கள் லென் வீன், பெர்னி ரைட்சன். 1984ல் ஆலன் மூர் அந்தக் கதையையே புரட்டிப் போட்டார். அது செடியாகிப்போன மனிதன் இல்லை, தன்னை மனிதன் என்று நம்பிக்கொண்டிருந்த செடி என்றார்.

இந்த நாலு கதைக்கும் அடியில் ஒரே சூத்திரம் இருக்கிறது. சேற்றுக்குள் ஒரு மனிதன் புதைந்து கிடக்கிறான், அந்தச் சேறு அவன் வடிவில் நம்மைத் தேடி வருகிறது. கிளம்பி வருகிற வேலை முழுக்க சேற்றினுடையது. நாம் வீட்டில் சும்மா இருந்தாலும் அது வரும்.

இப்போது நம்மூர்ச் சேறு. தமிழ் வெகுஜன நாவல்களில் எனக்குத் தெரிந்து மிகப் பிரபலமான சேறு 'பொன்னியின் செல்வ'னில்தான் இருக்கிறது. 1950ல் கல்கி இதழில் தொடராக ஆரம்பித்த நாவல். இரண்டாம் பாகத்தின் இரண்டாவது அத்தியாயத்துக்குத் தலைப்பே 'சேற்றுப் பள்ளம்'. கோடிக்கரையில் வந்தியத்தேவன் பூங்குழலியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறான். அந்த நிலம் அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. புதைசேற்றில் மாட்டிக்கொள்கிறான். கடைசியில் அவள்தான் வந்து காப்பாற்றுகிறாள்.

பள்ளிக்கூட வயதில் படித்தபோது எனக்கு இது ஒரு சாகசக் காட்சி மட்டும்தான். போன மாதம் திரும்பப் படித்தபோது வேறு ஒன்று கண்ணில் பட்டது. இந்தச் சேறு யாரையும் தேடிப் போகவில்லை. அது பாட்டுக்குக் கிடக்கிறது. தெரியாதவன்தான் போய் விழுகிறான். அத்தனை போர் பார்த்த வாணர் குலத்து வீரன், ஒரு படகோட்டிப் பெண்ணுக்குத் தெரிந்த விஷயம் தெரியாததால் அந்த இடத்தில் சின்னப் பையனாகிவிடுகிறான்.

அதற்கப்புறம் சில பக்கங்களில் கொள்ளிவாய்ப் பிசாசுகள் வருகின்றன. சதுப்பில் இருட்டில் எரிந்து எரிந்து அணையும் தீயை, 'என் காதலர்கள்' என்று பூங்குழலி காட்டுகிறாள். வெளியூர்க்காரனுக்குக் குலை நடுங்கும் இடம், அவளுக்குப் பழகிய இடம். ஆக நமக்கும் சேற்றுப் பேய் உண்டு. ஆனால் அது சேற்றால் ஆனது இல்லை, சேற்றுக்கு மேலே எரிகிற தீ. அதுவும் ஊருக்குள் வராது. "இங்கே இருக்கிறேன், வராதே" என்பது மாதிரி அதே இடத்திலேயே எரியும்.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம்: "விழுங்கும் சேறு ஆங்கிலத்திலும் இருக்கே சார்?" இருக்கிறது. 1901-02ல் தொடராக வந்த 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' கதையில் ஷெர்லாக் ஹோம்ஸ் போவது டார்ட்மூர் சதுப்புக்குத்தான். அதில் கிரிம்பன் புதைசேறு ஒரு குதிரைக்குட்டியை விழுங்குகிறது, கடைசியில் வில்லனையும் விழுங்கிவிடுகிறது. பாஸ்பரஸ் பூசிய நாய் வாயில் தீ எரிய ஓடி வருகிறது. புதைசேறு, பக்கத்திலேயே கொள்ளிவாய். கல்கி அதைப் பார்த்து எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. எந்த ஊர்ச் சதுப்பிலும் இந்த இரண்டு பயமும் ஜோடியாகத்தான் வரும்.

எனக்கு முக்கியமாகப் படுவது அவற்றுக்குள் இருக்கும் வித்தியாசம். டாய்லின் கதையில் சேற்றுக்குள் போகும் பாதை தெரிந்தவன் வில்லன் ஸ்டேபிள்டன். அந்த அறிவை ஒளிந்துகொள்ளவும் கொலைகார நாயை மறைத்து வைக்கவும் பயன்படுத்துகிறான். லண்டனிலிருந்து வருகிறவர் உண்மையைக் கண்டுபிடிக்கிறார். கல்கியிடம் இது அப்படியே தலைகீழ். வெளியூர்க்காரன் மாட்டிக்கொள்கிறான், நிலம் தெரிந்தவள் மீட்கிறாள். பயமுறுத்தும் அந்தத் தீயும் அவளோடு உறவு வைத்திருக்கிறது. ஒரு கதையில் உள்ளூர் அறிவு சந்தேகத்துக்குரியது, இன்னொன்றில் அதுதான் உயிர் காப்பது.

இது கல்கியோடு தொடங்கியதும் இல்லை. திருக்குறளில் சேறு வரும் இரண்டு இடங்களைப் பாருங்கள். புலால் மறுத்தலில் (255) 'அளறு' என்ற சொல் வருகிறது. சேறு என்றும் பொருள், நரகம் என்றும் பொருள். அந்த அளறு, விழுங்கியவனைத் திரும்ப வெளியே விட வாயைத் திறக்காதாம். சேற்றுக்கு வாய் வைத்த இடம் இது, காலோ கையோ வைக்கவில்லை. இன்னொன்று 500வது குறள். வேல் பிடித்த வீரரையும் கொன்ற அஞ்சாத யானை, கால் புதையும் சேற்று நிலத்தில் நின்றால் அதை நரி கொன்றுவிடும். அந்த அதிகாரத்தின் பெயர் 'இடனறிதல்'. கோடிக்கரையில் வந்தியத்தேவனுக்கு நடந்ததற்கும் அதுவே சரியான தலைப்பு என்பேன்.

500வது குறளில் யானையைக் கொல்வது சேறு இல்லை, நரி. இதை நான் முதலில் கவனிக்கவே இல்லை. சினிமாவில் பார்த்திருப்பீர்கள்: ஆள் தலைவரை மூழ்கி, மேலே தொப்பி மட்டும் மிதக்கும். நிஜத்தில் அது நடக்காது. 2005ல் 'நேச்சர்' இதழில் டேனியல் பான் குழுவினர் புதைமணலைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். புதைமணலின் அடர்த்தி மனித உடலைப்போல சுமார் இரண்டு மடங்கு. அதனால் ஆள் இடுப்பளவுக்கு மேல் போகமாட்டான். ஆனால் மாட்டிய காலை நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் வெளியே இழுக்க, ஒரு நடுத்தரக் காரைத் தூக்கும் அளவு விசை வேண்டும். அதாவது சேறு கொல்வதில்லை, பிடித்து வைக்கிறது. அப்புறம் ஏறிவரும் அலையோ, தண்ணீரோ, வெயிலோ, நரியோ மிச்ச வேலையை முடிக்கும். வள்ளுவருக்கு இது தெரிந்திருக்கிறது. சினிமாக்காரர்களுக்கு இன்னும் தெரியவில்லை.

இத்தோடு முடித்திருந்தால் இது ஒரு சாதாரண ஒப்பீட்டுக் கட்டுரையாகப் போயிருக்கும். ஆனால் எழுதும்போதே எங்கள் அப்பத்தா ஞாபகத்துக்கு வந்துவிட்டார்.

சின்ன வயதில் அப்பத்தா சொல்வார்: "கம்மாயோட மேக்கு மூலைக்குப் போகாத சாமி, அங்க கொள்ளிவாய்ப் பிசாசு நிக்கும்." இன்ஜினியரிங் சேர்ந்ததும் நான் பெரிய அறிவாளி ஆகிவிட்டேன். "அது பேய் இல்ல அப்பத்தா, மீத்தேன். 1776லயே வோல்டா ஏரிச் சேத்துல இருந்து புடிச்சுக் கொளுத்திக் காட்டிட்டார்" என்று வியாக்கியானம் செய்வேன். தெருப்பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். சேற்றில் செடிகொடி மக்கும்போது மீத்தேன் வருவது உண்மைதான். அதைத் தானாகப் பற்றவைப்பது எது என்பதில் இன்னும் விவாதம் உண்டு. எப்படியோ, பேய் போய்விட்டது.

இரண்டு வருடம் முன்பு மழைக்குப் பிறகு, எங்கள் தெருப் பையன் ஒருவன் அதே மேற்கு மூலையில் மாட்டிக்கொண்டான். வண்டல் அள்ளிய குழி. மேலே காய்ந்த தரை மாதிரி பொருக்குத் தட்டி இருந்திருக்கிறது. தொடைவரை உள்ளே, பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. நாங்கள் நாலைந்து ஆண்கள் ஓடிப்போய் கையைப் பிடித்து இழுத்தோம். பையன் வலியில் அலறினானே தவிர, கால் அசையவில்லை. ஆடு மேய்க்கும் அக்கா ஒருத்தர்தான் எங்களைத் திட்டி விலக்கினார். தென்னை மட்டைகளை அவனைச் சுற்றிப் போடச் சொல்லி, "மல்லாக்கச் சாயிடா, காலை மெதுவா ஆட்டுடா" என்றார். பத்து நிமிடத்தில் ஒவ்வொரு காலாக வெளியே வந்தது. பான் குழுவினர் சொல்வதும் இதையேதான்: பின்னால் சாய்ந்து எடையைப் பரப்ப வேண்டும், காலை அசைத்து இடைவெளியில் தண்ணீர் புகவிட வேண்டும். அந்த அக்கா 'நேச்சர்' படித்தவர் இல்லை. அன்றைக்கு எனக்குப் பூங்குழலி நினைவுக்கு வரவில்லை. இப்போதுதான் வருகிறார்.

மேற்கு மூலையில்தான் வாய்க்கால் வந்து கண்மாயில் சேர்கிறது. வண்டல் அதிகம் படிவது அங்கேதான். அப்பத்தாவின் பிசாசு ஏன் அந்த மூலையில் மட்டும் நின்றது என்று எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் புரிந்தது. அந்தக் கதை ஒரு வரைபடம். நான் பேயைத் துரத்தினேன், சரி. அந்த இடத்தில் ஒரு எச்சரிக்கைப் பலகைகூட வைக்க எனக்குத் தோன்றவில்லையே.

நடக்கும் சேற்றரக்கனை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஸ்டர்ஜன் கதை அருமையான கதை. மூரின் ஸ்வாம்ப் திங் சதுப்பை வில்லன் இடத்திலிருந்து இறக்கி, காப்பாற்ற வேண்டிய உயிராக ஆக்கியது. மேன்-திங்கும் ஸ்வாம்ப் திங்கும் வந்த அதே 1971 பிப்ரவரியில்தான் ஈரானின் ராம்சாரில் ஈரநிலங்களுக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. வந்தியத்தேவன் விழுந்த கோடிக்கரையும் 2002லிருந்து அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் எங்கிருந்து வேண்டுமானாலும் எழுந்து எங்கு வேண்டுமானாலும் வரும் அரக்கனுக்கு ஊர் கிடையாது. அவனைப் பார்த்துப் பயந்த குழந்தைக்கு எந்த இடத்தில் கால் வைக்கக்கூடாது என்று தெரியாது. நம்முடைய கதைகளில் பயத்துக்கு முகவரி இருந்தது: கோடிக்கரைச் சேற்றுப் பள்ளம், எங்கள் கண்மாயின் மேற்கு மூலை.

பாப்பாவுக்கு இப்படித்தான் பதில் சொன்னேன்: "இருக்கு பாப்பா, ஆனா அது நடக்காது. அது இருக்கிற இடத்தை நாளைக்குக் காட்டுறேன்." மறுநாள் காலையில் கண்மாய்க்குக் கூட்டிப்போய்க் கரையில் நின்றே காட்டினேன். மீத்தேன் கதையையும் சொன்னேன், அப்பத்தா கதையையும் சொன்னேன். இரண்டில் எது நிஜம் என்று கேட்டாள். இரண்டும்தான், ஆனால் இந்தப் பக்கம் வராமல் இருக்க அப்பத்தா கதையை ஞாபகம் வைத்துக்கொள் என்றேன்.

உங்கள் ஊரிலும் கண்மாய்க்கோ குளத்துக்கோ இப்படி ஒரு மூலை இருக்கும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், பேய் எந்த மூலையில் நிற்கும் என்று கேட்டுக் குறித்து வையுங்கள்.