குடம் நிறையும் ஓசை

குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பவர்கள், தண்ணீர் கழுத்தைத் தொடும் நேரம் சரியாகத் திரும்பிக் குழாயை மூடுவார்கள். காது சொல்லிவிடும். விழும் நீர் பல சுருதிகளில் சலசலக்கிறது; உள்ளிருக்கும் காற்று தனக்கு ஒத்த அதிர்வை மட்டும் பிடித்துப் பெருக்குகிறது. பாடப்புத்தகத்து ஒத்ததிர்வு இதுதான். நேரான, உயரமான ஜக்கில் கணக்கு சுலபம்: 20 சென்டிமீட்டர் காற்றுக்கு நொடிக்குச் சுமார் 425 அதிர்வு, காற்று பாதியானால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். குடத்துக்கு வயிறும் கழுத்தும் உண்டே! அங்கே உயரத்தைவிடக் காற்றின் கொள்ளளவே பேசும். வயிறு நிரம்பும்வரை நிதானமாக ஏறும் சுருதி, தோளைத் தாண்டியதும் விறுவிறுவென்று உச்சிக்கு ஓடும். பிளாஸ்டிக் குடத்தில் கொஞ்சம் மங்கல்தான். பித்தளையில் கேட்க வேண்டும்.